‘வரலாற்றில் இன்று’ கேள்வி தயாரிப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு கேள்வி போடப் போகிறீர்களா? முதலில் “எந்த வருஷம்?” என்று கேட்பதை விடுங்கள், பரீட்சை வாடை அடிக்கும். ஜூலை 10 என்றால் 1806 வேலூர்ப் புரட்சி, அதில் வருஷத்தைக் கேட்காமல் “தலையில் எதை அணியச் சொன்னதால் சிப்பாய்கள் கொதித்தார்கள்?” என்று கேட்டால், புதுத் தலைப்பாகை என்று யோசித்துப் பிடிப்பதில்தான் சுவையே இருக்கிறது.

பெரிய வேலை தேதியைச் சரிபார்ப்பது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நடந்தது 1917 நவம்பர் 7. அங்கே அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி புழக்கத்தில் இருந்ததால் அவர்களுக்கு அது அக்டோபர் 25. அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது அமெரிக்காவில் 1969 ஜூலை 20, இந்திய நேரப்படி ஜூலை 21 அதிகாலை 1.47. எந்த ஊர்க் கணக்கு என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சண்டைதான் (அந்தக் குழப்பத்தையே கேள்வியாக்கினால் இன்னும் நல்லது).

அப்புறம், டிசம்பர் 26 அன்று சுனாமியை வைத்து வினாடி வினா வேண்டாம். பதிலை இரவில், ஒரு வரி விளக்கத்தோடு போடுங்கள்.