குட்டிக்கு வகுப்பு தேடியபோது

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு அப்போது இரண்டரை மாதம். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினாலே கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிடும், ஆட்டோ சத்தம் கேட்டால் நடுக்கம் வேறு. பயிற்சி வகுப்பு விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்: "ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க."

புது மனிதர்களையும் சத்தங்களையும் குட்டிகள் எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அப்புறம் எதற்கு ஆறு மாதம்? பார்வோ பயம்தான், தடுப்பூசி முடியாத குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய் அது. எங்கள் கால்நடை மருத்துவர், முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தால் சேர்க்கலாம், ஆனால் எல்லாக் குட்டிகளின் தடுப்பூசி அட்டையையும் பார்த்துச் சேர்க்கிற, தரையைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுகிற இடமாக இருக்கணும் என்றார்.

குட்டியை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் கழுத்தை இறுக்கும் சங்கிலி; "உட்கார்" என்றதும் எல்லா நாயும் உட்கார்ந்தன, சரி, ஆனால் வால் எல்லாம் காலிடுக்கில். பேசாமல் வந்துவிட்டேன்.

சேர்த்த இடத்தில் நாலைந்து குட்டிகள்தான். எங்களுடையது நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தபோது பயிற்சியாளர் இழுக்க விடவில்லை, வேகவைத்த கோழித் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போட்டார், மூக்கு வந்தது, பிறகு முன்னங்கால், கடைசியில் முழுக்குட்டியும். இப்போதும் வீட்டில் இதேதான் செய்கிறோம். வகுப்பு நாளில் காலைச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் கோழியை முகர்ந்துகூடப் பார்க்காது.