டெல்லிக் குளிருக்குப் பழைய பிக்அப் வாங்குவது எப்படி?

மார்கழி விடியற்காலையில் ஆசாத்பூர் மண்டிக்குக் காய்கறிக்கோ, காஜிப்பூருக்குப் பூவுக்கோ போக வேண்டியவர்கள் செகண்ட் ஹேண்ட் பிக்அப் தேடும்போது கேட்பது இரண்டே கேள்விகள்: குளிரில் மக்கர் பண்ணுமா? எரிபொருள் எவ்வளவு குடிக்கும்? இரண்டுக்கும் பதில், இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜினில் இருக்கிறது. முதல் முறை வாங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பிஎஸ்-6

டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025-ல் அதில் சில மாற்றங்கள் வந்தன. ஆனால் அன்றாடத் தலைவலி வேறு: காற்று மோசமானால் 'கிராப்' (காற்று மாசைக் குறைக்கும் அரசுத் திட்டம்) கட்டுப்பாடு வந்து பழைய டீசல் வண்டிகளை நிறுத்திவிடும். அது வருவதும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். எனவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) பிஎஸ்-6 என்ற புகை அளவு விதி இருக்கிறதா என்று பாருங்கள். நாடு முழுக்க அது கட்டாயமானது 2020 ஏப்ரலில்.

முக்கால் டன் வரை சரக்கு என்றால் டாடா ஏஸ் (இங்கே 'சோட்டா ஹாத்தி' என்றால்தான் தெரியும்), மாருதி சூப்பர் கேரி. ஒரு டன்னைத் தாண்டினால் பொலேரோ பிக்அப், அசோக் லேலண்ட் தோஸ்த். ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் சிஎன்ஜி. மலைப்பாதை, கனச் சரக்கு என்றால் டீசல். மண்டிக்குப் போய் வர ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. அது கூடுதல் எடை, கூடுதல் எரிபொருள்.

2. காலையில் போங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது

முன்கூட்டிச் சொன்னால் விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார். அப்புறம் எந்த வண்டியும் ஒரே சாவியில் எழும். "ஏக் தம் ஓகே ஹை" என்பார். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சின்ன வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும், அங்கே தொடுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைக் கவனியுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன பின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைத் துண்டித்திருக்கலாம். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் (குளிர்ந்த இன்ஜினை எழுப்ப உள்ளே சூடேற்றுவது) விளக்கு அணைந்த பிறகு சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி அல்லது ஸ்டார்ட்டர் பலவீனம். நன்றாகச் சுற்றியும் எழவில்லை என்றால் ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) என்று சந்தேகம் நீளும். பேட்டரி மட்டும் என்றால் விலையில் கழித்துக்கொள்ளலாம்; கம்ப்ரஷன் என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் பழுது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும், தொடர்ந்த கறுப்புப் புகை டீசல் வீணாவதைக் காட்டும்.

சிஎன்ஜி வண்டி பெரும்பாலும் பெட்ரோலில் எழுந்து கேஸுக்கு மாறும். இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், சான்றிதழைக் கேளுங்கள்.

3. மைலேஜைத் தின்னும் பழுதுகள்

பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து மைலேஜ் சொல்ல முடியாது. விற்பவர் சொல்லும் எண்ணைக் காதில் வாங்கவே வேண்டாம். அதற்குப் பதில் மைலேஜைக் குறைக்கும் பழுதுகளைத் தேடுங்கள்.

முக்கியமானது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. கோடையில் இன்ஜின் சூடேறினால் சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெயில் காலத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஜனவரியில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். கண்டுபிடிப்பது எளிது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொடுங்கள், கை ஃபேனில் படாமல். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. டீசல் பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் (புகையிலிருந்து கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால், வண்டி குறுந்தூரமே ஓடியதா என்று கேளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகாத ஓட்டத்தில் அந்த ஃபில்டரில் கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

4. பனிமூட்டம், ஈரச் சாலை

பின்சக்கர இழுவை உள்ள பிக்அப்பில் சரக்கு இல்லாதபோது பின்பக்கம் லேசாகிவிடும், ஈரத்தில் வழுக்கும். பின் டயரில் கஞ்சத்தனம் வேண்டாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3522 என்றால் 2022-ன் 35-வது வாரத்தில் தயாரானது.

அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஹீட்டர் இருக்காது. பனிமூட்டத்தில் உள்கண்ணாடி மங்கும்போது அதன் அருமை தெரியும். எனவே ப்ளோயர் காற்று கண்ணாடிக்கு வருகிறதா, வைப்பர், பின்விளக்குகள் எல்லாம் சரியா என்று பாருங்கள்.

5. காகிதங்கள்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், கடன் எல்லாம் பாருங்கள். எஃப்சி எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. வண்டி ஹரியாணா, உ.பி. பதிவு என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி டெல்லிக்கு மாற்ற வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கடன் பாக்கி இருந்தால் ஃபார்ம் 35-ம் (ஆர்.சி.யில் கடனை நீக்க) வங்கிக் கடிதமும் கைக்கு வரும்வரை, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் கையெழுத்து விழும்வரை, முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.