தாத்தா பாட்டியிடம் பழைய கதை கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

போனை முகத்துக்கு நேராக நீட்டி, "தாத்தா, உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், "என்னத்தச் சொல்றது, அப்பல்லாம் கஷ்டம்தான்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். உடனே, அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பல வீடுகளில் மறதியைவிடக் கேட்கிற விதம்தான் பிரச்சினை. மூளை பழைய அனுபவத்தை எப்படி எடுக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் கேட்கிற விதம் தானாக மாறும், அதனால் முதலில் அது.

ஒரு அனுபவம் மூளையில் ஒரே இடத்தில் முழுசாக உட்கார்ந்திருப்பதில்லை. பார்த்தது பின்மண்டைப் பக்கம், கேட்டது காதுக்கு மேலே பக்கவாட்டில், அப்போது வந்த பயத்துக்கு வேறொரு பகுதி என்று பிரிந்து கிடக்கிறது. இவற்றை முடிச்சுப் போட்டு வைப்பது ஹிப்போகேம்பஸ், இரண்டு காதுக்கும் நேர் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சின்னப் பகுதி. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலாய்சன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்கமும் இதில் பெரும்பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். 2008-ல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதையும் அவரால் மனதில் நிறுத்த முடியவில்லை. நமக்கு வேண்டிய விஷயம் என்னவென்றால், முடிச்சில் ஒரு நுனியை இழுத்தால் போதும், மற்றவை கூடவே கிளம்பி வரும். "சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்பதில் பிடித்து இழுக்க எந்த நுனியும் இல்லை.

எந்த நுனி நல்லது? "எந்த வருஷம்?" என்பதில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வில்லம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளர் ஆறு வருடம் தன் வாழ்க்கையில் நடந்ததை யார், என்ன, எங்கே, எப்போது என்று பிரித்து எழுதி வைத்து, பின்னால் தன்னையே சோதித்துப் பார்த்து 1986-ல் வெளியிட்டார். 'என்ன' என்பது நன்றாக வேலை செய்தது, 'எப்போது' மட்டும் தனியாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. வருஷம் உங்களுக்கு அவசியம் வேண்டுமென்றால் கதை முடிந்த பிறகு பெரிய நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள்: தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, எம்ஜிஆர் இறந்தப்போ நீங்க எந்த வீட்ல இருந்தீங்க. 1964, 1987 என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

இடத்தில் ஆரம்பிப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி. "பாட்டி, உங்க ஊர் வீட்டு வாசல்ல நின்னா முதல்ல என்ன தெரியும்?" திண்ணை என்பார். திண்ணையில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். இடது பக்கத்தில் எப்போதும் மாமா படுத்திருப்பார், தலைமாட்டில் பொடி டப்பா இருக்கும், அதை ஒளித்து வைத்து அடி வாங்கியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்புறம் ரேழி, அடுப்படி, கிணற்றடி, கொல்லைப்புறம் என்று அவரையே நடக்க விடுங்கள், நீங்கள் பின்னால் போங்கள். போலீஸ் விசாரணையில் சாட்சிகளுக்காக அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிஷரும் கைசல்மனும் 1980-களில் உருவாக்கிய முறையிலும் முதல் வேலை இதுதான்: அந்த இடத்தை, வெளிச்சத்தை, அப்போதைய மனநிலையை மனதுக்குள் திரும்பக் கொண்டுவரச் சொல்வது.

வாசனையை மறந்துவிடாதீர்கள். மூக்கிலிருந்து போகும் பாதை மற்ற புலன்களைப் போலச் சுற்றிப் போகாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போகிறது. ஸ்வீடனில் முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வார்த்தையைக் கொடுத்தபோது பத்து வயதுக்குப் பிறகு நடந்தவை அதிகம் நினைவுக்கு வந்தன, வாசனையைக் கொடுத்தபோது பத்து வயதுக்குள் நடந்தவை. அரைத்த சீயக்காயோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பொதுவாகப் பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவை வயதானவர்களுக்கு மற்றதைவிட அதிகமாக நினைவிருக்கும், ஆகவே முதல் வேலை, கல்யாணம், ஊர் மாறியது என்று அந்தப் பக்கம் போனால் நிறையக் கிடைக்கும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொந்த அனுபவம் ஒன்று முழுசாக எழுந்து வரச் சில நொடிகள் பிடிக்கும், சிலருக்குப் பத்து நொடிக்கு மேலும் ஆகும், வயதானால் இன்னும் மெதுவாகத்தான் வரும். நமக்கு அந்த அமைதி தாங்காது, இடையில் புகுந்து அடுத்த கேள்வியைப் போட்டு வந்துகொண்டிருந்ததைக் கெடுத்துவிடுகிறோம். அவர் கண் மேலே போய் நிற்கும்போது தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. 1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்றும் சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்றும் போட்டுக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, நொறுங்க மோதியதாகக் கேள்வி கேட்கப்பட்டவர்களில், மற்றவர்களைவிட அதிகம் பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒவ்வொரு முறையும் மூளை நினைவைப் புதிதாகக் கட்டி எழுப்புவதால், நாம் உள்ளே தள்ளிய சொல்லும் அதில் சேர்ந்துவிடும். "அப்ப ரொம்ப பயந்திருப்பீங்க இல்ல?" என்று கேட்காதீர்கள். "அப்ப எப்படி இருந்துச்சு?" போதும்.

தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டாம். கூட்டமாக நினைவுகூர்பவர்கள், தனித்தனியாகக் கேட்டால் கிடைக்கும் மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் சொல்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஒருவர் பேச்சு மற்றவரின் தேடலைக் குலைத்துவிடுகிறது. இரண்டு பேர் கதையும் ஒத்துப்போகாவிட்டால் பஞ்சாயத்து வைக்காதீர்கள். 1986-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களிடம் உளவியலாளர் உல்ரிக் நைசர் எழுதி வாங்கினார். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்துக் கேட்டால் பலர் வேறு கதையை அடித்துச் சொன்னார்கள். உறுதியாகச் சொல்வதால் மட்டும் அது சரியென்று ஆகிவிடாது. யாரும் பொய் சொல்லவும் இல்லை. இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யப்போவதை முன்னாடியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டு, போனைத் திரை கீழே இருக்கும்படி ஒரு துண்டின் மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தச் சத்தம் மெல்லிய குரலை விழுங்கிவிடும். ஒரு பேச்சை அவர் தவிர்த்தால் விட்டுவிடுங்கள், இறந்துபோன பிள்ளையைப் பற்றி யாரும் கட்டாயத்தில் பேச வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

மறுநாள் காலை காபியோடு போய், "நேத்து சொன்னதுல வேற ஏதாவது தோணுச்சா?" என்று கேளுங்கள். ஒரு தடவை கிளறிவிட்டால் விட்டுப்போனவை அடுத்த முறை வருவது சகஜம். அதைத் தனிப் பதிவாகத் தேதி போட்டு வையுங்கள், முதல் நாள் பதிவோடு சேர்த்து வெட்டி ஒட்ட வேண்டாம், பின்னால் எது முதலில் வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.