தராசும் கணினியும் கதைக்க: சீரியல் லைனில் செய்தி அனுப்பும் முறை

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. லொறியோடு சேர்த்து நெல்லை நிறுக்கிற பெரிய தராசு வாசலில் இருக்கிறது, கணக்கு எழுதும் கணினி 40 மீட்டர் தள்ளி உள்ளறையில். தராசுப் பக்கம் ஓர் அர்டுயினோ பலகை (நாமே நிரல் எழுதி ஓட்டும் சிறு கணினிப் பலகை) வைத்து, எடை கணினியில் தானாக விழும்படி செய்து கொடுத்தேன். அதே மாதிரி வேலை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வயர். பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் இணைப்பு முறைகளில் ஆர்எஸ்-232 பதினைந்து மீட்டர் அளவுக்குத்தான் நம்பலாம். அதனால் முறுக்கிய இரட்டை வயரில், கூடிய தூரம் போகும் ஆர்எஸ்-485 போட்டேன். இதில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கதைக்கலாம். அனுப்பி முடிந்ததும் திசை பின்னை (அனுப்புவதா, பெறுவதா என்று மாற்றும் பின்) இறக்க வேண்டும். கடைசி பிட் வெளியேறும் முன்னே இறக்கினால் கடைசி பைட் அறுந்து போகும். அர்டுயினோவில் ஃபிளஷ் கட்டளை முடியும்வரை காத்திருந்து இறக்குங்கள்.

இரு முனைக்கும் பொதுவான கடிகாரம் இல்லாததால்தான் இதை அசிங்க்ரனஸ் என்கிறோம். ஒவ்வொரு பைட்டும் ஸ்டார்ட் பிட், 8 பிட், ஸ்டாப் பிட் என்று 10 பிட்டாகப் போகும். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிவிநாடி. திரையில் குப்பை எழுத்து வந்தால் இரு பக்கமும் ஒரே வேகமா என்று முதலில் பாருங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். லைன் உங்களுக்குச் செய்தியைத் தராது, பைட்டைத்தான் தரும். 20 பைட் அனுப்பினால் ஒரு தடவை 3, அடுத்த தடவை 17 என்று வரும். சில நேரம் இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டு வரும். லைனைக் கணினியின் யுஎஸ்பியில் இணைக்கும் மாற்றிகளில் சில, பைட்டுகளை 16 மில்லிவிநாடி வரை பிடித்து வைத்துத்தான் கொடுக்கும். ஒரு ரீட் என்றால் ஒரு செய்தி என்று எழுதிய நிரல் மேசையில் ஓடும், ஆலையில் விழும்.

ஆகவே செய்திக்கு வேலி போடுங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 2 செய்தியின் தொடக்கம், 3 முடிவு. பெறும் பக்கம் 2 வந்தால், வந்த பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் பஃபரைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும், நடுவில் வந்தாலும் அப்படியே. 3 வந்தால் சரிபார்க்க வேண்டும். 64 பைட் தாண்டியும் 3 வரவில்லை என்றால் எல்லாவற்றையும் எறிந்துவிடலாம்.

சரிபார்க்க வெறும் கூட்டுத்தொகை போதாது. 12480 கிலோ 14280 ஆக மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. அந்த வித்தியாசம் ஒரு விவசாயியின் காசு. இலக்கங்கள் இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணான 16 பிட் சிஆர்சி போடுங்கள். பல்லுறுப்பு 4129, தொடக்க மதிப்பு 65535 என்று வைத்து '123456789' என்ற எழுத்துகளைக் கொடுத்தால் 10673 வர வேண்டும். வராவிட்டால் உங்கள் நிரலில் பிழை. அந்த எண்ணை இரண்டு பைட்டாக அனுப்பாமல் ஐந்து இலக்க எழுத்தாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதற்குள்ளேயே 2, 3 வந்து வேலியை உடைக்கும்.

அப்புறம் பதில். செய்தி சரி என்றால் கணினி 6 (ஆஸ்கியில் 'கிடைத்தது' என்ற குறி) அனுப்பும். வராவிட்டால் பலகை திரும்ப அனுப்பும். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெரும்போக வெட்டுக் காலத்தில், வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கும்போது கணக்கர் கூப்பிட்டார்: "மகன், இந்த லொறி ரெண்டு தரம் விழுந்திருக்கே." 8460 கிலோ, அடுத்தடுத்த இரண்டு வரியில். செய்தி ஒழுங்காகப் போயிருக்கிறது, பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. பலகை திரும்ப அனுப்ப, கணினி அதைப் புது லொறியாக எழுதிவிட்டது. அவர் கவனித்ததால் துண்டு கொடுக்கும் முன்னே திருத்த முடிந்தது.

இதற்கு மருந்து வரிசை எண். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுங்கள். எழுதிய எண்ணே திரும்ப வந்தால் கணினி மறுபடி எழுதக் கூடாது, ஆனால் பதிலைக் கட்டாயம் மறுபடி அனுப்ப வேண்டும். பேசாமல் இருந்தால் பலகை கத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று: கோப்பில் எழுதிச் சேமித்த பிறகே 6 அனுப்புங்கள். முன்னால் அனுப்பி, அந்த இடைவெளியில் கரண்ட் போனால், லொறி எங்கும் பதியப்படாமல் போய்விடும். பலகையிலும் எண்ணை, கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் வையுங்கள். கரண்ட் வந்ததும் 1-இல் இருந்து எண்ணத் தொடங்கக் கூடாது.

டைம்அவுட்டை, அதாவது பலகை பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, கணக்குப் போட்டு வையுங்கள். 30 பைட் செய்திக்கு 31 மில்லிவிநாடி, மாற்றியின் 16, கோப்பில் எழுதும் நேரம், பதில் வரும் நேரம். நான் 300 வைத்தேன். குறைத்து வைத்தால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கதைத்து இரண்டும் கெடும். மூன்று தரம் அனுப்பியும் பதில் இல்லையா, சிவப்பு விளக்கைப் போடுங்கள், கணக்கர் கையால் எழுதிக்கொள்வார்.

கொண்டு போகும் முன் மேசையில் 200 செய்தி அனுப்புங்கள். இடையிடையே வயரைப் பிடுங்கிச் செருகுங்கள், பலகையை அணைத்துப் போடுங்கள். பிறகு கோப்பில் உள்ள வரிகளை எண்ணுங்கள். 199 என்றாலும் 201 என்றாலும் ஆலைக்குக் கொண்டு போகாதீர்கள்.