டேஷ்கேம் மாட்டியதும் கார் பேட்டரி படுத்துவிட்டதா? வயரைப் பாருங்கள்

டேஷ்கேம், அதாவது சாலையைப் படம்பிடிக்க முன்கண்ணாடியில் ஒட்டும் கேமரா, மாட்டிய முதல் வாரக் கடைசி. சனி, ஞாயிறு வண்டியை எடுக்கவில்லை. திங்கள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்றதோடு சரி. பக்கத்து வீட்டு அண்ணன் கேபிள் போட்டு உயிர் கொடுத்தார். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

கேமராவுக்குள் இருக்கும் பேட்டரி, மின்சாரம் நின்றதும் கடைசி வீடியோவைச் சேமித்துவிட்டு அணைவதற்கு மட்டும். நிறுத்திய வண்டியை இரவிலும் படம்பிடிக்க வேண்டுமானால் கார் பேட்டரியில் கைவைத்தாக வேண்டும். அதற்குத்தான் ஹார்ட்வயர் கிட், கேமராவை காரின் ஃபியூஸ் பெட்டியோடு இணைக்கும் வயர் தொகுப்பு.

பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும். மஞ்சள், எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ஃபியூஸுக்கு. கறுப்பு, கார் பாடியில் பெயின்ட் இல்லாத உலோக போல்ட்டுக்கு. நிறம் மாறலாம், கூட வந்த தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் ஃபியூஸைத் தொடவே வேண்டாம்.

நான் சறுக்கியது சிவப்பில். சாவியைப் போட்டு அளந்தேன், 12 வோல்ட் வந்தது, செருகிவிட்டேன். சாவியை எடுத்துவிட்டும் அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் பிடித்தது எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸ். வண்டி ஓடிக்கொண்டே இருப்பதாக நினைத்து கேமரா இரண்டு நாளும் விடாமல் பதிவு செய்திருக்கிறது. ஆகவே சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சில ஃபியூஸ்கள் உடனே அணையாது. டெஸ்ட் லாம்ப் போதும் என்பார்கள், நான் மல்டிமீட்டர் பக்கம். அடுத்த வேலைக்கும் அதுதான் தேவை.

அடுத்த வேலை, கிட்டில் உள்ள கட்-ஆஃப். பேட்டரி இந்த வோல்ட்டுக்கு இறங்கியதும் கிட் கேமராவுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். என்னுடையது 11.8 வோல்ட்டில் இருந்தது. நிறைந்த 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. 11.8 வரை விட்டால் ஸ்டார்ட்டருக்கு எதுவும் மிஞ்சாது. 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள், பேட்டரி பழசு என்றால் 12.4. கணக்கும் எளிது: என் கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு நாளில் 14 ஆம்பியர்-அவருக்கு மேல். என் சின்ன காரின் பேட்டரியே 35 தான்.

புதிதாக கேமரா வாங்குபவர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி வேண்டாம், அதற்குப் பதில் வெப்பத்தைத் தாங்கும் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். சென்னை மே மாத வெயிலில் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் லித்தியம் உப்பிவிடும். பின்மூடி வீங்கினால் குத்திப் பார்க்காமல் கழற்றி மின்கழிவில் சேருங்கள். மெமரி கார்டு, ஓயாமல் பதிவு செய்தாலும் தாங்கும் 'ஹை எண்டூரன்ஸ்' வகை, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட்.

பின்சேர்க்கை: ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் உள் பேட்டரி ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜிபிஎஸ் உள்ள மாடலில் நேரத்தை அதிலிருந்து எடுக்கும்படி அமைத்தால் தேதிப் பிரச்சினை தீரும். ஆனால் கடைசி வீடியோ சேமிக்கிறதா என்று வயரைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.