கையால் தீட்டிய மினியேச்சர்களை ஒன்லைனில் விற்று, பெயின்ற் காசை மீட்பது எப்படி

மினியேச்சர், அதாவது விரலளவு உருவப் பொம்மைகள், தீட்டுகிற எவருடைய வீட்டிலும் ஒரு அலுமாரித் தட்டு நிரம்பிப் போயிருக்கும். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 28 மில்லிமீட்டர் போர்வீரர்கள், 54 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்று குதிரைக்காரர்கள், அப்புறம் பிசைந்து வைத்தால் இறுகிப்போகும் எபோக்சி புட்டியில் நானே செய்த வடமோடிக் கூத்து (எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து) ராசாக்கள். 2022இல் டாலர் 200 இலங்கை ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறினபோது, வெளிநாட்டுப் பெயின்ற் போத்தல் ஒன்றை வாங்கவே பல தடவை யோசிக்க வேண்டி வந்தது, தட்டிலும் இடமில்லை, அப்போதுதான் விற்கத் தொடங்கினேன். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பொழுதுபோக்கு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், வீட்டுக் காசில் கை வைக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். பெயின்ற், தூரிகை, பிரைமர் (பெயின்ற் பிடிக்க முதலில் அடிக்கிற அடிப்பூச்சு), வார்னிஷ், பசை, உருவம், கூரியர், எது வாங்கினாலும் அன்றைக்கே எழுதுங்கள். விற்ற காசை வேறாக வையுங்கள், அடுத்த சாமான் அந்தக் காசில் மட்டும்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் விற்ற காசு எங்கே போனது என்றே தெரியாது.

விலை போடுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஒரு உருவத்துக்கு எட்டு நிறம் பாவித்தால் எட்டுப் போத்தல் விலையையும் மனதில் கூட்டிப் பயந்துபோகிறார்கள். 17 மில்லிலீட்டர் சொட்டுப் போத்தலில் 300 சொட்டுக்கு மேல் இருக்கும். 28 மில்லிமீட்டர் ஆள் ஒருவருக்கு எல்லா நிறமும் சேர்த்து எனக்குப் பத்துப் பதினைந்து சொட்டுத்தான் போகிறது. அப்போ பெயின்ற் செலவு சின்னது. காசைத் தின்பது உருவத்தின் விலை, நுனி பிரிந்துபோகும் தூரிகை, வார்னிஷ், பொதி செய்யும் சாமான், இவைதான். இவ்வளவையும் கூட்டி வருகிற தொகையின் இரண்டு மடங்குக்குக் கீழே நான் விற்பதில்லை. ஒரு மடங்கு இந்த உருவத்துக்கு, மற்ற மடங்கு அடுத்த உருவத்துக்கு. சாமான் செலவு 1,200 ரூபாய் என்றால் 2,400க்குக் கீழே இல்லை, அவ்வளவுதான். உழைத்த மணித்தியாலங்களுக்குக் கூலி போட்டுப் பார்க்காதீர்கள், ஒரு முகத்துக்கு இரண்டு இரவு இருந்திருப்பீர்கள், அதற்கு நியாயமான கூலி போட்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள், உங்களுக்கும் மனம் விட்டுப்போகும். அந்த நேரம் நமக்கு நாமே கொடுத்த நேரம்.

எது விற்கும்? மேசை விளையாட்டுக்கு வாங்குகிறவர்கள் தனி ஆளைத் தேடுவதில்லை, ஒரே நிறத் திட்டத்தில் தீட்டிய ஐந்து பத்துப் பேர் கொண்ட அணியைத்தான் கேட்பார்கள். அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று போதும், ஆனால் முகமும் கண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு நல்ல விலை தந்தவை இரண்டுமே இல்லை, நம்முடைய உருவங்கள்தான்: கரப்புடுப்பும் (கூத்து ராசாவின் விரிந்த உடை) கிரீடமும் வைத்த கூத்து ராசா, வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவர். வலைக்கு மருந்துக்கடையில் விற்கும் கோஸ் துணியைப் பசைத்தண்ணீரில் தோய்த்து விரித்துக் காயவைத்தேன், அதைப் பார்த்துத்தான் பலர் விசாரித்தார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற நம்மாட்களுக்கு ரோமப் படைவீரனை எங்கேயும் வாங்கலாம், மட்டக்களப்பு வாவியை எங்கே வாங்குவது?

ஒரு விசயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய கம்பனி உருவத்தைத் தீட்டி விற்பதில் பிரச்சினை இல்லை, எந்தக் கம்பனி செய்தது, தீட்டியது நீங்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். 3டி பிரின்டரில் எடுத்தது என்றால் கவனம். பெரும்பாலான கோப்புகள் சொந்தப் பாவனைக்கு மட்டும்தான், விற்க வேண்டுமானால் வடிவமைத்தவரிடம் வியாபார அனுமதி வாங்க வேண்டும். அச்சு எடுத்து வார்த்த கள்ளப் பிரதிகளைத் தொடவே வேண்டாம், செதுக்கினவர் வயிற்றில் அடிக்கிற வேலை அது.

விற்கிற உருவத்துக்குக் கட்டாயம் வார்னிஷ் வேண்டும், வாங்குகிறவர் கையால் பிடிப்பார். நம் பக்கம் மாரி மாதங்களில், கார்த்திகையிலிருந்து தை வரை, காற்றில் ஈரம் அதிகம். அந்த நாட்களில் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் பனி படிந்த மாதிரி வெள்ளையாகிவிடும். மூன்று வாரம் தீட்டிய ஒரு ராசாவின் முகத்தை நான் அப்படி இழந்தேன். இப்போது மாரியில் தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும்தான், முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மட். ஸ்பிரே ரின்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அவை தீப்பற்றக்கூடியவை என்பதால் வான் தபாலில் ஏற்றமாட்டார்கள். ஹார்ட்வெயார் கடைச் சாம்பல் நிறக் கார் பிரைமர் போதும், மெல்லிதாக அடியுங்கள், பிளாஸ்டிக் உருவம் என்றால் முதலில் கழிவுத் துண்டொன்றில் அடித்துப் பாருங்கள்.

படம் எடுப்பதற்குக் கமெரா தேவையில்லை. ஒரு சாம்பல் நிறக் கடதாசியைச் சுவரில் சாய்த்து, மடிப்பு விழாமல் மேசைக்கு வளைத்து இறக்குங்கள், உருவத்தை நடுவில் வையுங்கள், இரண்டு பக்கமும் வெள்ளை எல்இடி மின்குமிழ், முன்னால் எண்ணெய்த்தாள் ஒன்று தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். ஃபோனைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மூக்குப் பெரிதாகத் தெரியும், முன்னால் இருப்பது மட்டும் துலங்கிப் பின்னால் மங்கிப்போகும். கொஞ்சம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு சூம் பண்ணுங்கள், டைமர் போட்டு எடுங்கள். முன், பின், இரண்டு பக்கம், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயக் குற்றியோடு ஒன்று. கடைசிப் படம் முக்கியம், உருவம் எவ்வளவு சின்னது என்று தெரியாமல் வாங்கிவிட்டு ஏமாந்தோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கேயாவது பெயின்ற் வழிந்திருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். ஃபில்டர் வேண்டாம்.

எங்கே போடுவது? உள்ளூருக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இக்மன் விளம்பரத் தளம், இன்ஸ்டாகிராம், அதோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். என்னிடம் முதலில் வாங்கிய நான்கு பேரும் ஸ்டேட்டஸ் பார்த்து வந்தவர்கள்தான். அளவு, கம்பனி, எந்தப் பொருளில் செய்தது, வார்னிஷ் அடித்ததா, அனுப்பும் செலவு யாருடையது, எல்லாவற்றையும் விளம்பரத்திலேயே எழுதுங்கள். எப்படி எழுதினாலும் "அண்ணா, லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?" என்று கேட்டு வரும். கோபப்படாதீர்கள். "தம்பி, விலை அதுதான், இரண்டு எடுத்தால் கூரியர் காசை நான் போடுறன்" என்று சொல்லுங்கள், பாதிப் பேர் இரண்டு எடுப்பார்கள்.

காசு விசயத்தில் ஒரே ஒரு சட்டம்: வங்கிக் கணக்கில் விழுந்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் பொதி வெளியே போகும். காசு போட்டதாகக் காட்டும் வங்கிச் சிலிப் படத்தை நம்பி அனுப்பி ஒரு குதிரைக்காரரை இழந்திருக்கிறேன், காசு வரவே இல்லை. பொருள் கைக்கு வந்ததும் காசு என்ற முறையில் அனுப்பினால் ஆள் வாங்க மறுத்துத் திருப்பும்போது போக்குவரத்து இரண்டு பக்கமும் உங்கள் தலையில் வரும், புதியவர்களுக்கு அப்படி அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன்.

பொதி செய்வது தீட்டுவதற்குச் சமமான வேலை. உடைவது எப்போதும் கணுக்கால், ஈட்டி நுனி, துடுப்பு. அந்த இடங்களில் தீட்டுவதற்கு முன்பே ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுக் கம்பி நுழைத்துவிடுங்கள். அனுப்பும்போது உருவத்தின் பீடத்தைச் சின்னப் பெட்டியின் அடியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, சுற்றிலும் தொடாமல் பஞ்சு வைத்து, அந்தப் பெட்டியைக் குமிழித்தாளில் சுற்றி இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். குமிழித்தாளை உருவத்தின் மேல் நேரே சுற்றினால் கூர்மையான பாகங்களை அதுவே முறிக்கும். மூடிய பெட்டியைக் குலுக்குங்கள், சத்தம் கேட்டால் திரும்பத் திறக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு என்றால் தபாற்கந்தோரில் சின்னப் பொதி 2 கிலோ வரை எடுப்பார்கள், சிஎன்22 சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும், அதில் உண்மையான விலையை எழுதுங்கள். ரெஜிஸ்டர் பண்ணாமல் அனுப்பாதீர்கள். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 800 டாலர் வரையான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, அந்த வரியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிட நல்ல வழி ஒன்று வாய்த்தது. ஆடி அமாவாசையில் வரும் மாமாங்கக் கோவில் தீர்த்தத் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் ஊருக்கு வருவார்கள். வைகாசியிலேயே படங்களைப் போட்டு, பாதிக் காசு முற்பணம் வாங்கி, அவர்கள் வந்து நிற்கும்போது கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தபால் செலவும் இல்லை, உடைவும் இல்லை.

ஓடர் எடுத்துத் தீட்டுவதை மட்டும் அளவோடு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எடுப்பேன், திகதி சொல்லமாட்டேன். ஒருமுறை இருபது ஆட்கள் கொண்ட படைக்கு ஒப்புக்கொண்டு, ஒரே பச்சையை இரண்டு மாதம் தீட்டி, மேசைப் பக்கமே போக மனமில்லாமல் இருந்தேன். காசு வந்தது, ஆனால் அந்த இரண்டு மாதமும் எனக்கென்று ஒன்றும் தீட்டவில்லை.

கொப்பியில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, விற்ற ஒவ்வொன்றுக்கும் எந்த நிறம், எத்தனை சொட்டுக் கலந்தது என்று எழுதிவையுங்கள். போன வருடம் ஒரு தோணிக்காரர் துடுப்பு முறிந்து திரும்பி வந்தார். கம்பி போட்டு ஒட்டி, கொப்பியைப் பார்த்து அதே மண்ணிறத்தைக் கலந்து பூசினேன். ஒட்டின இடம் தெரியாமல் மறுநாளே திருப்பி அனுப்ப முடிந்தது.