ஏர் பிஸ்டல் டிரிகரை 500 கிராமுக்குச் சரிசெய்வது எப்படி?

என் முதல் மாவட்டப் போட்டியில், துப்பாக்கிகளைச் சோதித்து அனுமதிக்கும் எக்யூப்மென்ட் கன்ட்ரோல் மேசைக்குத் தெம்பாகத்தான் போனேன். முந்தின நாள் இரவு வீட்டில் எடை மாட்டிப் பார்த்திருந்தேன், நன்றாக நின்றது. அங்கே அதிகாரி எடைக்கட்டியை டிரிகரில் மாட்டி பிஸ்டலை மெல்லத் தூக்கினார். கட்டி மேசையை விட்டு எழும்பவில்லை, அதற்குள் 'டக்'. மூன்று முறையும் அதே கதை. வீட்டில் நான் எடையின் கம்பியை டிரிகரின் மேல்பக்கம் மாட்டியிருந்தேன், அவர் நடுவில் மாட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரிகர் ஒரு நெம்புகோல். பெரும்பாலான ஏர் பிஸ்டல்களில் அதன் அச்சு மேலே இருக்கும். அச்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் அதிக எடையைத் தாங்கும், நுனியில் மாட்டினால் டிரிகர் சட்டென்று விழும், அதாவது விடுபட்டுச் சுட்டுவிடும். அதனால்தான் டிரிகரின் நடுப்பகுதியில் மாட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது.

விதியை முதலில் பார்த்துவிடுவோம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு டிரிகர் எடை, அதாவது டிரிகரை விழவைக்கத் தேவையான இழுப்பு, குறைந்தது 500 கிராம். மேல் வரம்பு கிடையாது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். ஏர் ரைஃபிள்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் டிரிகரைத் தொட்டாலே வெடிக்கும் அளவுக்கு வைத்துக்கொள்கிறார்கள், நமக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சோதனை இப்படி நடக்கும். பிஸ்டலின் குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, சமதளத்தில் இருக்கும் எடையை டிரிகரில் மாட்டித் தூக்குவார்கள். எடை தளத்தை விட்டு முழுதாக எழும்ப வேண்டும், டிரிகர் விழக் கூடாது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் விழுந்தால் சரிசெய்துகொண்டுதான் திரும்ப வர முடியும். போட்டி முடிந்த பிறகும் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள். அங்கே விழுந்தால் தகுதி நீக்கம், எத்தனை 10 அடித்திருந்தாலும் சரி.

இனி வேலைக்கு வருவோம். வேண்டியவை: உங்கள் பிஸ்டலின் கையேடு, அதற்குரிய ஆலன் கீ, ஒரு எடை. சோதனை எடை விலைக்குக் கிடைக்கிறது. கையில் இல்லையென்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் துளை போட்டு சைக்கிள் ஸ்போக் கம்பியைக் கொக்கியாக வளைத்து மாட்டுங்கள். உள்ளே மணல் போடுங்கள், தண்ணீர் தளும்பும். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, கொக்கியோடு சேர்த்து ஒன்று 510 கிராம், மற்றது 530 கிராம் வருமாறு நிரப்புங்கள். நம் இலக்கு: 510-ஐ மாட்டினால் டிரிகர் எப்போதும் நிற்க வேண்டும், 530-ஐ மாட்டினால் விழ வேண்டும். சரியாக 500-இல் வைத்து வீரம் காட்ட வேண்டாம். கொஞ்சம் அழுக்கு, லேசாகக் கை நடுங்கும் அதிகாரி, இதில் எது வந்தாலும் அந்தப் பத்து கிராம்தான் காப்பாற்றும்.

முதல் வேலை பாதுகாப்பு. பெல்லட் (ஏர் பிஸ்டலின் குண்டு) டப்பாவை அடுத்த அறையில் வையுங்கள். பிஸ்டலைத் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். சோதிக்கும்போது குழல் மேலே பார்த்திருக்கும், முகத்தைக் குழலுக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, எடையைத் தொடும் முன் டிரிகர் பிளேடின் (விரல் படும் பகுதியின்) இடத்தை உங்கள் விரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். முன்னே பின்னே தள்ளுவது, சாய்ப்பது எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும். எடையைச் சரிசெய்த பிறகு பிளேடைச் சாய்த்தால் நெம்புகோல் கணக்கு மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

இப்போது ஸ்க்ரூவைத் திருகாமல் அளந்து பாருங்கள். சிலிண்டரில் காற்று இருக்கட்டும், பிஸ்டலை வழக்கம்போல் காக் செய்யுங்கள், அதாவது சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிரை ஃபயர் நிலையில் (காற்று வெளியேறாமல் டிரிகர் மட்டும் இயங்கும் பயிற்சி நிலையில்) அளந்து திருப்தி அடைய வேண்டாம். காற்று செயல்படும் நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி, சில பிஸ்டல்களில் இரண்டு அளவும் வேறுபடும். பாட்டிலைத் தரையில் வைத்து, கொக்கியை டிரிகரின் நடுவில் மாட்டி, வெண்ணெயிலிருந்து முடி எடுப்பதுபோல் தூக்குங்கள். வெடுக்கென்று தூக்கினால் பாட்டிலை வேகப்படுத்தும் விசையும் டிரிகர் மேல் ஏறும், நிஜ எடையைவிட அதிகமாக இழுத்த கணக்காகிவிடும்.

510-க்கே டிரிகர் விழுகிறதா? அப்போது எந்த ஸ்க்ரூ என்ற கேள்வி வரும். போட்டி ஏர் பிஸ்டல்களில் டிரிகர் பெரும்பாலும் இரண்டு நிலையாக இருக்கும். முதல் நிலையில் விரல் கொஞ்ச தூரம் பின்னே போகும், பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். அந்தச் சுவரைத் தாண்டுவது இரண்டாம் நிலை. இரண்டும் சேர்ந்ததுதான் மொத்த எடை. என் யோசனை: குறைகிற எடையை முதல் நிலை ஸ்க்ரூவில் கூட்டுங்கள். முதல் நிலையில் 400 கிராம், இரண்டாம் நிலையில் சுமார் 120 என்று வைத்தால், குறி பார்க்கும்போதே பெரும்பகுதி எடையை விரல் வாங்கிக்கொள்ளும், கடைசியில் சின்ன அழுத்தம் போதும். சுவர் எங்கே என்று விரலுக்குப் பிடிபடவில்லை என்றால் மட்டும் இரண்டாம் நிலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.

ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். தொடங்கும் முன் ஸ்க்ரூவின் நிலையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திருகியதும் இரண்டு மூன்று முறை டிரை ஃபயர் செய்து ஸ்ப்ரிங்கை நிலைக்கு வரவிட்டு, அப்புறம் பாட்டிலை மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூதான். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

சியர் ஸ்க்ரூ என்று ஒன்று இருக்கும். டிரிகர் எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது என்பதை அது தீர்மானிக்கும். புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பிடிப்பு குறைந்துபோனால் காக் செய்யும்போதே வெடிக்கும். வேறு ஸ்க்ரூக்களைத் திருகிய பிறகும், பெல்லட் இல்லாமல் காக் செய்து கைப்பிடியை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டிப் பாருங்கள். டிரிகர் விழுந்தால் அந்த பிஸ்டலோடு ரேஞ்சுக்குப் போகாதீர்கள், பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 510 பாட்டிலைப் பத்து முறை தூக்குங்கள். பத்தில் ஒன்பது என்பது தோல்விதான், இன்னொரு கால் சுற்று கூட்டுங்கள். பத்தும் நின்றால் 530-ஐ மாட்டுங்கள். அதில் டிரிகர் விழுந்தால் டிரிகர் எடை இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. 530-உம் நின்றால் விதிப்படி தப்பில்லை, தேவையில்லாத கிராம்களை உங்கள் விரல் சுமக்கும், அவ்வளவுதான்.

போட்டி நாள் காலையில் பாட்டிலையும் ஆலன் கீயையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மேசைக்குப் போகும் முன் ஓர் ஓரமாக மூன்று முறை தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.